எல்லாருக்கும் தெரிந்த சொல்

உலகத்துக்கெல்லாம் ஒரே மொழி இருந்தால் நல்லது என்று நம்பி, அதை என் வீட்டில் செய்து பார்த்தவள் நான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது, மலாய் போதாது என்று என்னை ரிமூவ் என்ற மொழிப் பயிற்சி வகுப்பில் ஒரு வருடம் உட்கார வைத்தார்கள். கூட விளையாடிய மலாய்ப் பிள்ளைகள் எனக்கு ஒரு வருடம் முன்னால் போய்விட்டார்கள். வேலைக்கு வந்த இடத்தில் ஆங்கிலம் போதவில்லை. கூட்டத்தில் நான் சொல்ல வந்ததை மனத்துக்குள் கோத்து முடிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அதனால் மகள் பிறந்தபோது, அவளோடு வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் என்று முடிவெடுத்தேன்.

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார். அவருடைய ஆங்கிலம் பத்திருபது சொற்களில் முடிந்துவிடும்.

“இனிமே என் வீட்டுக்குள்ள வரதுக்கே பாஸ்போர்ட் எடுக்கணும்போல லா” என்று சிரித்தார். ஆனால் நான் சொன்னதைக் கேட்டார். சாப்பிட்டாயா, பள்ளிக்கூடம் எப்படி என்று மகளிடம் தினமும் இரண்டு கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்பார். மூன்றாவது கேள்விக்கு அவரிடம் சொல் இருக்காது. அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார். களைத்து வரும் நாட்களில் மட்டும் தமிழ் வந்துவிடும். அப்போது நடுவில் நின்று நான்தான் மாற்றிச் சொல்வேன்.

லோரி ஓட்டுகிறவருக்குச் சாப்பாட்டு நேரம் ஏது? வீட்டுக்கு வந்ததும், “நெஞ்சு கரிக்குது” என்பார். சில நாள், “வயிறு பிசையுது.” சில நாள், “வாயு பிடிச்சிக்கிச்சு.” அப்பா என்ன சொல்கிறார் என்று மகள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: கேஸ்ட்ரிக். இந்த நாட்டில் அந்தச் சொல் தெரியாதவர் இல்லை. மருந்துக்கடைச் சீனருக்கும், கிளினிக்கில் பெயர் பதியும் மலாய்ப் பெண்ணுக்கும், ரொட்டி சானாய் போடும் அண்ணனுக்கும் தெரியும். வயிற்றில் கை வைத்து அதைச் சொன்னால் போதும், வெள்ளை மருந்து கைக்கு வந்துவிடும். அலமாரியில் அது எங்கே இருக்கிறது என்பது ஐந்து வயதிலேயே மகளுக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கல்யாணம் ஒன்றுக்குப் புடவை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். கடைக்காரர் மூன்று புடவைகளை விரித்துப் போட்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

“மா, அப்பாவுக்கு மறுபடியும் கேஸ்ட்ரிக். மருந்து குடுத்துட்டேன்” என்றாள் ஆங்கிலத்தில்.

“என்ன சொல்றாரு?”

“தமிழ்லதான் சொல்றாரு. நெஞ்சு, நெஞ்சுங்கிறாரு.”

“கேஸ்ட்ரிக்தான் லா. சுடுதண்ணி குடு. படுக்கச் சொல்லு.”

போனை வைத்துவிட்டுப் பச்சைப் புடவையை எடுத்துத் தரச் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து அடுத்த வீட்டு ஆன்டி கூப்பிட்டார். அவரும் அவர் மகனும் என் கணவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கொம்யூட்டர் ரயில் கிள்ளானுக்கு வந்து சேர எத்தனை நிறுத்தம் என்பது எனக்கு மனப்பாடம். அன்றைக்கு ஒவ்வொன்றிலும் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மா, ‘அடைக்குது’ன்னா என்ன? நெஞ்சு அடைக்குதுன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு.”

கரிக்குது என்று சொல்லவில்லை. அடைக்குது என்றிருக்கிறார். தமிழ் தெரிந்த யாராக இருந்தாலும் அந்த நிமிடமே காரை எடுத்திருப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுவும் கேஸ்ட்ரிக்தான்” என்றேன்.

அவள் நம்பினாள். அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்.

அடுத்த மாதம், தமிழ் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளை தாய்மொழி படிக்கிறாளே என்று பயப்படும் தாய் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் குளிக்கப் போகும்போது நோட்டைத் திறந்து பார்ப்பேன். பழங்கள், கிழமைகள், உறவுமுறைகள். உடல் உறுப்புகள் வந்த வாரம் அந்தப் பக்கத்தை இரண்டு முறை திறந்து பார்த்தேன். அதில் ‘நெஞ்சு’ இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறெதுவும் இல்லை.

உலகத்தில் ஒரே மொழி இருந்திருந்தால் அவர் சொன்னது அவளுக்குப் புரிந்திருக்குமே என்று சில நாள் தோன்றும். அடுத்த நிமிடமே, எங்களுக்குள் அப்படிப் பொதுவாக ஒரு சொல் இருக்கத்தானே செய்தது என்று நினைப்பேன். அவருடைய அத்தனை வலியையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடியவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மா, சிங்க் அடைச்சிருக்கு. தண்ணி போகல” என்றாள் தமிழில். முழு வாக்கியம் சொல்லிவிட்ட பெருமையோடு திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கை இன்னும் தண்ணீருக்குள் இருந்தது.

“அடைக்குது. அடைச்சிருக்கு. ரெண்டும் ஒரே சொல்லா மா?”

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. “ஆமா” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு என்று நீ போனில் சொன்னதைக் கேட்டும் கேஸ்ட்ரிக் என்றவள் நான். அந்தச் சொல்லை உனக்குப் பழக்கியவளும் நான். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. உடனே கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். அவள் அழவில்லை.

“அப்போ அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு ஆங்கிலம் பேசுவதில்லை. நான் ஆங்கிலத்தில் கேட்டாலும் தட்டுத்தடுமாறித் தமிழில்தான் பதில் சொல்கிறாள். அது பாசமா, எனக்குத் தண்டனையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் தலைவலி என்று படுத்திருந்தேன். கதவருகில் வந்து நின்றாள்.

“எப்டி வலிக்குது?”

“சும்மா தலைவலிதான்மா.”

“சும்மா வேணாம். குத்துதா? இடிக்குதா? எப்டின்னு சொல்லுங்க.”

“பாரமா இருக்கு” என்றேன்.

“பாரம்னா?”

“கனம். தூக்க முடியாத மாதிரி.”

“உண்மையாவா?”

“உண்மைதான்மா.”

தலையாட்டினாள். பிறகு போனை எடுத்து, அகராதியில் அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தாள்.