உமியும் நானும் முந்நூறு குஞ்சுகளும்

ஒரு நாள் வயதுக் குஞ்சை வாங்கி ஒரு மாதம் வளர்த்து விற்கிற தொழிலில் தீனி போடுவது கால் வேலை. மீதி முக்கால் வேலை குஞ்சுக்குக் கீழே கிடப்பதைப் பார்ப்பது. இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். நீங்களும் குஞ்சு வளர்ப்பவராக இருந்தால் சிரிக்க மாட்டீர்கள், கையை மோந்து பார்த்துக்கொள்வீர்கள்.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் எங்கள் கொட்டகை. வட்டமாக நிறுத்திய தகடு, நடுவில் தொங்கும் பல்புகள், கீழே படுக்கை, அதன்மேல் முந்நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகள். புரூடர் என்பது இவ்வளவுதான். நானும், கூட வேலை செய்கிற செல்வியும் பார்த்துக்கொள்கிறோம். கொட்டகை என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. சும்மா கிடக்கிறதே என்று கொடுத்தார். சும்மா கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

காதுகுத்து பேனர்

முதல் பேட்ச் வந்தபோது நான் ரொம்ப புத்திசாலி. உமி கொட்டினால் அள்ள வேண்டும், பிளெக்ஸ் பேனர் விரித்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துத் தெரு ஏழுமலை அண்ணன் தன் பேத்தி காதுகுத்துக்கு அடித்த பேனர் சும்மா சுருட்டிக் கிடந்தது, வாங்கி வந்து விரித்தேன். அந்த வழவழப்பில் குஞ்சுகளுக்குக் கால் ஊன்றவே முடியவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் இருபது குஞ்சுக்கு மேல் கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விரிந்து, தரையோடு தரையாகக் கிடக்கின்றன. செல்வி பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கம்பளி நூலால் காலைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டிவிட்டாள். பாதிதான் எழுந்து நின்றன.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை அண்ணன் குஞ்சு பார்க்க வந்தார். பேனரில் கூலிங் கிளாஸோடு கும்பிட்டபடி அவரும், பக்கத்தில் அவருடைய மச்சானும். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எம் மொகத்துல பேண்டுக்கினு கீதுங்க, அதகூட வுட்ரும்மா. எம் மச்சான் மொகம் மட்டும் எப்பிடி அவ்ளோ சுத்தமா கீது?"

மேலே காய்ந்தது, கீழே நாறியது

இரண்டாவது பேட்சுக்கு ஒழுங்காக உமிதான் போட்டேன். ஆனால் தண்ணீர் டப்பாவைத் தரையிலேயே வைத்தேன். அதைச் சுற்றி நனைந்தபோதெல்லாம் ஈரத்தை அள்ளாமல் மேலே புது உமியைத் தூவி மறைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. கீழே அடை அடையாகக் கட்டிப்போயிருந்தது. பதினெட்டாம் நாள் எச்சத்தில் ரத்தம். கால்நடை மருத்துவர் வந்து ரத்தக் கழிச்சல் என்று மருந்து கொடுத்தார், அதற்குள் முற்றிவிட்டது. முந்நூறில் எழுபதுதான் மிஞ்சின. கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தேன். அன்றைக்கு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. என் சோம்பலால் செத்தன என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கொட்டகையைக் கொடுத்த அண்ணன், என் மூத்தார், வந்து குழியைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். "இன்னும் ஒரே ஒரு தபா பாரு அமுதா. அதுவும் போச்சுன்னா கொட்டாய காலி பண்ணி குடுத்துடு, டிராக்டர் மழையில நனஞ்சிக்கினு கீது" என்றார்.

மில்லில் ஒரு சம்பந்தம்

ஒரே ஒரு தபா என்றால் ஒரே ஒரு தபா. இந்த முறை ஒரு குஞ்சுகூட என் தப்பால் சாகக் கூடாது என்று முடிவு பண்ணினேன். பிடிவாதத்தைப் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்தவள் நான். மரக்கடையில் மரத்தூள் பார்த்தேன். மாவு மாதிரி இருந்தது, தீனி என்று நினைத்துக் குஞ்சுகள் கொத்தித் தின்றுவிடும். உமிதான் சரி. அதையும் கொத்தாமல் இருக்க முதல் மூன்று நாளைக்கு மேலே செய்தித்தாள், தினமும் மாற்ற வேண்டும்.

உமிக்கு விழுப்புரத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். ஒவ்வொரு மூட்டையிலும் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தேன். அமுக்கினேன், மோந்தேன், உள்ளங்கையில் பரப்பித் தூசி எவ்வளவு என்று ஊதிப் பார்த்தேன். ஒன்பது மூட்டையில் நான்கை வேண்டாம் என்று ஒதுக்கினேன். மில்காரர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எம் பொண்ண பாக்க வந்த மாப்ள வூட்டாருகூட இவ்ளோ சோதிக்கலம்மா."

சுண்ணாம்பு

இப்போது எங்கள் கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீரில் நனைத்த சாக்கு கிடக்கிறது. வருகிறவர்கள் காலை அதில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வியாதி பாதிக்குப் பாதி செருப்போடுதான் வருகிறது. சாக்கு போடுவதற்கு முன்னால் ஒரு வாரம், சுண்ணாம்புத் தூளைத்தான் வாசலில் பட்டையாகக் கொட்டி வைத்திருந்தேன். மிதித்துவிட்டு வருவார்கள் என்று நினைப்பு. இரண்டு நாளாகியும் கொட்டின சுண்ணாம்பு கொட்டினபடியே இருந்தது. ஆள் வராமலும் இல்லை.

ஒளிந்திருந்து பார்த்தேன். ஆண்கள் ஒரே தாவாகத் தாவினார்கள். பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்தியோடு தாண்டினார்கள். பிரம்மதேசத்து அம்மா ஒருத்தர், செருப்பு பட்டுக் கலைந்த ஓரத்தை விரலால் திருத்திவிட்டு வந்தார். ஏன் தாண்டுகிறீர்கள் என்று கேட்டேன். "வாசல்ல போட்ட கோலத்த யாருனா மிதிப்பாங்களா? ஆனா ஒண்ணு, தப்பா நெனச்சிக்காத, ஒனக்கு இழ வர்ல."

மூக்கு

நாம் நிற்கிற உயரத்தில் நாற்றம் தெரியாது. குஞ்சின் மூக்கு தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கிறது. அதனால் காலையும் மாலையும் நான் முட்டி போட்டு, தலையைத் தரைக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி மோப்பம் பிடிப்பேன். கண் எரிந்தால் அந்த இடத்து உமி வெளியே. ஒரு அமாவாசைக்கு மறுநாள், மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வழியில் ஒரு அம்மா குஞ்சு கேட்டு வந்தார். நான் முடி அவிழ்ந்து, கண்ணில் நீர் வழிய, தகட்டுக்குள் குனிந்து மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்தால் அவர் கைகூப்பி நிற்கிறார். "தாயே, காணாப்போன எங்க வெள்ளாடு எந்தப் பக்கம் போயிருக்குது, சொல்லும்மா."

பதினெட்டாம் நாள்

இந்த பேட்சுக்கும் சரியாகப் பதினெட்டாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மூலையில் கூரை ஒழுகி, காலையில் மூன்றில் ஒரு பங்கு உமி ஈரம். நல்ல உமியைக் கையில் அமுக்கித் திறந்தால் புட்டு மாவு மாதிரி உதிர வேண்டும். இது கொழுக்கட்டையாகவே நின்றது. தகட்டை நகர்த்திக் குஞ்சுகளைக் காய்ந்த பக்கம் ஒதுக்கினோம். ஈர உமியை சிமெண்டுத் தரை தெரிகிறவரை சுரண்டி, அன்னக்கூடை அன்னக்கூடையாக வெளியே கொட்டினோம். ஒழுகிய கூரையைத் தார்ப்பாயால் மூடி, தரையைத் துடைத்துக் காயவைத்தோம். திரும்பப் பரப்பப் புது உமி இல்லை. மில்லுக்கு போன் போட்டால் உமி மேடே நனைந்துவிட்டது, ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

காய்ந்த சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். மூத்தார் வீட்டில் நெல் அவிக்கிற அடுப்புக்கு மூட்டை மூட்டையாக மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், வைத்திருந்தார். கொட்டகை எப்போது காலியாகும் என்று காத்திருக்கிறவரிடமே போய் நின்றேன். "முடியலன்னா வுட்டுடேன் அமுதா" என்றார். "முடியலன்னு நான் சொல்லல மாமா. நாலு மூட்ட குடுங்க" என்றேன். கொடுத்தார். பூஞ்சை பிடித்ததைக் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை மிதித்து நொறுக்கிப் பரப்பினோம்.

அடுத்த மூன்று நாள் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு எச்சத்தை ஒவ்வொன்றாகக் கிளறி ரத்தம் தேடினேன். இல்லை. மூன்றாம் நாளும் இல்லை என்று செல்வியிடம் திரும்பிச் சொன்னேன். அவள் சுவரோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். "கோழிப் பீய பாத்ததுல பாதி எம் மொகத்த பாத்திருந்தா, ரெண்டு நாளா எனக்கு ஜொரம்னு தெரிஞ்சிருக்கும்க்கா."

முப்பதாம் நாள்

அன்றைக்கே செல்வியைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், மன்னிப்பும் கேட்டேன். முந்நூறு குஞ்சில் பதினொன்று போயிற்று, அதுவும் முதல் வாரத்திலேயே. முப்பதாம் நாள் வாங்குகிறவர்கள் கூடைகளோடு வந்து மீதியை எடுத்துப் போனார்கள். கொட்டகையைக் கூட்டிக் கழுவி முடித்த நேரம் மூத்தார் டிரெய்லர் மாட்டிய டிராக்டரோடு வந்தார். நேராக வாசலை நோக்கி ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். "பேட்ச் தப்பிச்சுடுச்சு மாமா. நீங்க குடுத்த வார்த்தை இருக்குது" என்றேன்.

அவர் இறங்கினார். வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்தார். கொட்டகைக்குப் பக்கத்தில் நாங்கள் அள்ளிக் குவித்திருந்த பழைய உமி மேட்டைச் சுற்றி வந்து, ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். "கத்திரிக்கு இதவிட நல்ல எரு எங்க கெடைக்கும்? நீ ஜல்தியா அடுத்த பேட்ச எறக்கு. எனக்கு இன்னும் ரெண்டு டிரெய்லர் வேணும்."

உயிரைக் கொடுத்து நான் காப்பாற்றியது குஞ்சுகளை. எனக்குக் கொட்டகையைக் காப்பாற்றிக் கொடுத்தது என்னவோ அவை போட்டுவிட்டுப் போனது.