பரணில் இருந்த சைக்கிள்

“கழட்டுறத யாரு வேணா கழட்டிடலாம். மாட்டத் தெரியுமா உனக்கு?”

சைக்கிளை நானே மாட்டிக்கொள்கிறேன் என்றபோது நைனா கேட்டது இது. அம்மா சிரித்தாள். “பன்னெண்டாவது படிச்ச புள்ளயாச்சே, புக்கப் பாத்து மாட்டிடும்.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். பரீட்சையில் தேறியதும், மரக்காணத்தில் டைப்பிங் படிக்கப் போகிறேன் என்றேன். “சீசன் முடியட்டும்” என்றார் நைனா. அந்த வெயில் முழுக்கப் பாத்தியில் உப்பு வாரினேன். ஐப்பசியில் மழை இறங்கியது. உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும் என்று உப்பளத்துப் பம்பு இன்ஜினை வருஷா வருஷம் கழற்றி, ஆயில் தடவி, கோணியில் கட்டிப் பரணில் ஏற்றுவார். அந்த முறை என் சைக்கிளும் கூடவே ஏறியது. “கழட்டித்தான வெச்சிருக்கேன். மழை நிக்கட்டும்.”

வீட்டைச் சுற்றித் தண்ணீர். வாசலில் நின்றால் தூரத்துத் தார்ரோட்டில் பஸ் போவது தெரியும். அதைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் பக்கம் கரை உடையும், உடைந்தது போனதுதான். கூரையைப் பிரிப்போம், பழைய கீற்று அடுப்புக்குப் போகும். கழற்றுவது அப்படியல்ல. திரும்ப மாட்டப்போகிறவர்கள்தான் எதையும் கழற்றுவார்கள். ‘கழட்டி’ என்ற அந்தச் சொல்லை நம்பித்தான் நான் சும்மா இருந்தேன். தை பிறந்தது. இன்ஜின் இறங்கியது, பம்பு ஓடியது. சைக்கிள் இறங்கவில்லை. கேட்டபோதுதான் மாட்டத் தெரியுமா என்றார்.

இரண்டு நாள் கழித்து, நைனாவும் அம்மாவும் அளத்துக்குப் போனதும் கோணியை இறக்கினேன். பிரித்துப் பார்த்தால், இன்ஜினுக்குச் செய்வதுபோலவே ஒவ்வொரு நட்டையும் அதனதன் போல்ட்டிலேயே திருகி வைத்திருந்தார். கைப்பழக்கம். எது எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. செயின் மட்டும்தான் படுத்தியது.

மத்தியானம் வந்தவர் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார்.

“செயின் தொங்குது.”

“தொங்குது.”

“சாயந்தரம் கழட்டி மேல வெச்சிடுவேன்.”

“வெச்சிக்கோ நைனா. நட்டெல்லாம் அதது போல்ட்லயே போட்டு வை. காலையிலயே இதுல போயி டைப்பிங்ல சேந்துட்டு வந்துட்டேன். நாளைக்கு ஏழு மணிக்கு கிளாஸு.”