ரெஜினாவின் தப்பு கடலுக்கு எப்படித் தெரிந்தது

வங்கக் கடலை மொத்தமாகச் சுருட்டி மடிக்கணினிக்குள் போட்டு மூடி வைத்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான், திருவிடந்தை ஏசுபாதத்தின் மகள் ரெஜினா. அவள் பொத்தானை அழுத்தினால் அலை எழும்பும். அழுத்தாவிட்டால் கடல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நிலாகூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தேய்கிறது.

மற்றபடி அவளுக்கு முப்பத்தொரு வயது. அப்பா மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் கல் ஏற்றி இறக்குகிறவர். ரெஜினா காலை ஆறு மணிக்கு பஸ் பிடித்து மாமல்லபுரம் போய், அங்கே செங்கல்பட்டு பஸ்ஸுக்கு மாறி, ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். சாயங்காலம் வீடு திரும்பி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு எண்முறையில் தீர்வு காண்பது என்பாள். கேட்டவர்கள் உடனே, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

விஷயம் இவ்வளவுதான். தண்ணீர் எப்படி நகரும் என்பதற்குச் சமன்பாடு இருக்கிறது. நிஜமான கரைக்கு அதைப் போட்டால் நேர்வழியில் விடை வராது. அதனால் கடலைக் கட்டம் போட்ட நோட்டு மாதிரி சதுரம் சதுரமாகப் பிரிக்க வேண்டும். ஒரு சதுரத்தில் எவ்வளவு தண்ணீர், பக்கத்துச் சதுரத்துக்கு எவ்வளவு போகும் என்று பார்த்து, அதையே கோடித் தடவை திரும்பச் செய்ய வேண்டும். ரெஜினா போட்ட சதுரம் பத்து மீட்டர். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர்க் கரையில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறும் என்று தினமும் கணக்கிட்டு, தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுவாள்.

கடல் அதை ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க ஒரு சவுக்குக் கழி. பட்டறையில் உடைந்துபோன கல் தூணைக் கரையில் புதைத்து, பெயின்டில் கோடு போட்ட கழியைப் படகுக் கயிற்றால் அதில் கட்டியிருந்தாள். ஆறு மணிக்கு அவள் பஸ்ஸில் இருப்பதால், ஈரம் ஏறிய கோட்டைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலை சித்தி மகள் பொன்னிக்கு. பொன்னிக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நெயில் பாலிஷ் போட்டுவிட்டது அவளுடைய பெரிய சாதனை. இதை எழுதுகிறவளும் அவள்தான். அது இங்கே முக்கியமில்லை.

மழைக்காலம் தொடங்கிய முதல் வாரம் கடல் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரில் ஐம்பத்து மூன்று என்றால் கழியில் நாற்பத்தொன்று. சுவரில் ஐம்பது என்றால் கழியில் முப்பத்தொன்பது. ஏழு நாளும் இதே கதி. ரெஜினா யாரையும் திட்டவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்க, எழுந்து போய்க் கை கழுவினாள். மூன்று வருட வேலை போச்சு என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

எட்டாம் நாள் கடல் திருந்திவிட்டது. சுவரில் ஐம்பத்து மூன்று, நோட்டில் ஐம்பத்திரண்டு. சுவரில் நாற்பத்தொன்பது, நோட்டில் ஐம்பது. ஒன்று கூட, ஒன்று குறைய, மூன்று மாதம். ரெஜினா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். ஆராய்ச்சி வழிகாட்டி கோபாலகிருஷ்ணன் சார், இரண்டு எண்களையும் வைத்துப் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்றார். கொடுப்பதற்கு முன் சதுரத்தைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எல்லா மாணவர்களிடமும் அவர் அதைத்தான் சொல்வார்.

முதல் நாளின் கணக்கையே எடுத்து, சனிக்கிழமை முழுக்க மடிக்கணினியை ஓட விட்டாள். ஐந்து மீட்டர் சதுரத்தில் ஐம்பத்து மூன்று நாற்பத்து நான்காகிவிட்டது. அந்தச் சதுரத்தையும் பாதியாக்கினாள். நாற்பத்திரண்டு. அதாவது பத்து மீட்டர் சதுரம் ரொம்பப் பெரிசு, அது தந்த விடையெல்லாம் தப்பு. இது நடப்பதுதான், சரிசெய்துகொள்ளலாம். ரெஜினாவை நிறுத்தியது வேறொன்று. சதுரத்தைப் பெரிசாகப் போட்டது அவள் தப்பு. அதே தப்பை மூன்று மாதமாகக் கடல் ஏன் செய்தது? கடலுக்குத்தான் சதுரமே கிடையாதே.

வெளிச்சம் இருக்கும்போதே கரைக்குப் போனாள். கயிற்றை அவிழ்த்துக் கழியை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாய்த்தாள். ஒன்றுமே நடக்காத மாதிரி, சுவரில் ஐம்பத்தொன்று என்று ஒட்டினாள்.

ஞாயிறு காலை பொன்னி நோட்டோடு வந்தாள். ஐம்பத்திரண்டு. ரெஜினா டீ ஆற்றியபடி, கடல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் கோவமா கீது யக்கா. கழி மேல மோதிக்கினு வந்துச்சு."

ரெஜினா காலால் கதவைத் தள்ளினாள். கழி மணலோடு சுவரில் சாய்ந்திருந்தது.

பொன்னி அதைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"அந்த வாரம் நீ சோறே துன்னல யக்கா."

"நான் போட்டது தப்புன்னு கடலு சொல்லணும். அதுக்குத்தாண்டி உன்ன அனுப்புனேன்." குரல் உயரவில்லை. "மொத ஏழு நாளு நீ எழுதுனதுதான் சரி. அது தெரியுமா உனுக்கு?"

தெரியாது. பொன்னி வாசற்படியில் உட்கார்ந்து, காலில் இல்லாத மணலைத் தட்டினாள்.

ரெஜினா சாருக்குச் செய்தி அனுப்பினாள். ஏழு நாள் தவிர மற்ற அளவெல்லாம் செல்லாது, வரைபடத்தை எடுத்துவிடுகிறேன், அடுத்த மழைக்காலம் முழுக்க மறுபடி அளந்துவிட்டுத்தான் ஆய்வேடு. அதோடு ஒரு வருடம் வீணாகும். சார் திட்டவில்லை. கழியை இனி யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். ரெஜினா வாசற்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, பொன்னி என்று அடித்து அனுப்பினாள்.

அடுத்த மழைக்காலத்தின் முதல் அளவு நாற்பத்து மூன்று. பொன்னியின் பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. அன்று பஸ் தாமதம்; அவள் நிறுத்தத்துக்கே ஓடி, ஜன்னல் வழியாக ரெஜினாவிடம் நோட்டை நீட்டினாள். செங்கல்பட்டு பஸ் பூஞ்சேரி தாண்டும்போது பொன்னியின் போன் அடித்தது.

"நாப்பத்தி மூணு சரி, நம்புறேன்," என்றாள் ரெஜினா. "நோட்டுக் கடைசிப் பக்கத்துல, நான் கடலையே சுருட்டி வச்சிக்கீறேன்னு எழுதிக்கீற. அத எந்தக் கழிய வச்சி அளந்த?"