அருவி இறக்கிய பிரஷர்

தென்காசி பாத்திரக்கடை வல்லிநாயகத்துக்கு மாத்திரை என்றாலே ஆகாது. அறுபத்திரண்டு வயதில் டாக்டர் ஞானதுரை, பிரஷர் இருநூறைத் தாண்டிவிட்டது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனுஷன் சீட்டைச் சாக்கடையில் வீசிவிட்டு, தினமும் குற்றாலத்துக்குக் கிளம்பினார். அருவியில் தலையைக் கொடுத்தால் ரத்தக்கொதிப்பு அடங்கிவிடுமாம்!

மனைவி உலகம்மை பயந்துபோனாள். இதே பிரஷரில்தான் அவருடைய அண்ணன் கடையில் தராசைப் பிடித்தபடியே விழுந்து செத்தார். அவள் டாக்டருக்குத் தெரியாமல் கம்பவுண்டரிடம் மறுசீட்டு வாங்கி, தினமும் ஒரு மாத்திரையைப் பொடித்துக் காலைக் காப்பியில் கலந்தாள். அவரை அதுவரை படுத்திய தலைவலி நின்றது. திரும்பவும் வந்துவிடக் கூடாதே என்று இரவுப் பாலிலும் ஒன்று போட்டாள். ஒன்றே இவ்வளவு கேட்டால் இரண்டு நன்றாகக் கேட்காதா?

"பாத்தியாட்டி, குத்தால மகிமைய!" என்று வல்லிநாயகம் பீற்றிக்கொண்டு திரிந்தார். சுரண்டை வியாபாரி ஒருவரையும் மாத்திரையை விடச் சொன்னார்.

சீசன் முடிகிற சமயம் அவருக்கு முகம் வீங்கியது, கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. உலகம்மை அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் குழம்பிப்போனார்.

"சிறுநீரகம் கெட்டுக்கிட்டு வருது அண்ணாச்சி, ரத்தத்துல உப்பு ஏறிட்டு. பிரஷரோ தடாலுன்னு இறங்கிக் கெடக்கு. மாத்திரையும் திங்கலைங்கீரு. பொறவு எப்படி?"

"எல்லாம் அருவி, டாக்டர்!"

சொன்னால் இந்த மனுஷன் இனி அவள் கையால் பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டார். சொல்லாவிட்டால் சிறுநீரகம் போய்விடும். பாவி, எந்தப் பக்கம் திரும்பினாலும் தாலிக்குத்தானே ஆபத்து! உலகம்மை அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ரெண்டா?" டாக்டர் அதிர்ந்தார். "ரொம்ப நாள் பிரஷருல இவரு சிறுநீரகம் ஏற்கெனவே பழுதும்மா. ஒரேயடியா இறக்குனா அங்கன போற ரத்தம் பத்தாது. அதுக்காக நிறுத்திராதீங்க. பிரஷர் மறுபடி ஏறுனா மூளை நரம்பு வெடிச்சிரும். தினம் பாதி போதும்."

"இனி ஒரு துண்டு மாத்திரை என் வாயில படாது" என்று வல்லிநாயகம் வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

மறுநாள் காப்பியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"மொதல்ல நீ குடிட்டி."

பாதி மாத்திரை அதில்தான் கரைந்திருந்தது. உலகம்மை முகம் மாறாமல் ஒரு மடக்குக் குடித்தாள். அவர் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த வரைக்கும், அவள் முதலில் குடித்துக் காட்டாத காப்பியை அவர் தொட்டதில்லை.