மகேன் டயர், மகேன் வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் பெர்னார்ட் சமையலறை மேசையைத் துடைத்து, பழைய நாளிதழ் ஒன்றை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்தார்.

"வெர்னியர எடு" என்றார்.

மகள் கேரன் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பாரிட் புந்தாரில் பிளாஸ்டிக் அச்சுப் பட்டறையில் அவளுக்கு வேலை. அளவுகோல் எப்போதும் பையில் இருக்கும். அவர் வாங்கவில்லை.

"நீயே அள. என் கண்ண நானே நம்ப மாட்டேன்."

பெர்னார்ட் நம்பாதவை நிறைய. பாசாரில் வாங்கிய மீனை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். பாதிரியார் பூசையைச் சீக்கிரம் முடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா சுமந்து வரும் ரப்பர்ப் பாலைத் தோட்டக் கணக்கரான கிராணி நிறுக்கும்போது, கிராணியின் சுண்டுவிரல் தராசில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஏழு வயதில் அவருடைய வேலை. அந்த விரலைப் பிறகு எல்லார் கையிலும் தேடினார்.

பதினேழு வயதில் ஈப்போவுக்கு வந்து பஸ் பட்டறையில் சேர்ந்தார். இரண்டாவது வருடம் அந்தப் பெட்டியை வாங்கினார். உள்ளே ஒரு பொம்மை டிராக் காரின் பாகங்கள்: கால் மைல் நேராகப் பாய்ந்து, பின்னால் குடை விரித்து நிற்குமே, அந்தப் பந்தயக் கார். பாகங்களை ஒட்டிச் சேர்க்கவேண்டும். ஐம்பது வருடமாக அவர் ஒட்டவில்லை. "ஒட்டிட்டா உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

கேரன் அளந்தாள். பின்டயர் முப்பத்தொன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். காரின் அடிப்பலகையில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. அத்தனை வருடம் மேலேயே கிடந்த டயரின் எண்ணெய் பிளாஸ்டிக்கை மெல்ல உருக்கிய தடம் அது.

"பள்ளமும் முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு."

அவர் டயரைப் பள்ளத்தில் வைத்தார். மூடி போலப் பொருந்தியது. எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அப்ப சரி."

"என்னப்பா சரி?"

"தே போடு, குடிப்போம்."

எதற்காக அளக்கச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். அதே கார் இந்த வருடம் மறுபதிப்பாக வந்திருந்தது. சனிக்கிழமை தோறும் குனோங் ராபாட் கோப்பிக்கடையில் கூடும் சிநேகிதர்களில் மகேந்திரன் அதை வாங்கிவந்தார். ஒரு சனிக்கிழமை பழைய பெட்டியும் புதுப் பெட்டியும் ஒரே மேசையில் திறக்கப்பட்டன. பாகங்கள் கைமாறிக் கைமாறிப் பார்க்கப்பட்டன. அன்று மாலையே பெர்னார்ட் மகளுக்குப் போன் செய்தார்.

"மகேன் என் டயர மாத்திட்டான். தொட்டா மெத்துன்னு இருக்கு. பழசு இப்படி இருக்காது."

அதன்பிறகு அவர் கோப்பிக்கடைக்குப் போகவில்லை.

அளந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் அவரை வாசல் கேட்டருகே விழுந்து கிடக்கக் கண்டார். தேய்த்த சட்டை, சப்பாத்து, சட்டைப்பையில் மோட்டார் சைக்கிள் சாவி. மருத்துவமனையில் சாவியோடு ஒரு தீப்பெட்டியும் கொடுத்தார்கள். உள்ளே பஞ்சில் பொதிந்து, சுண்டுவிரல் நகம் அளவில் வெள்ளிப் பூச்சுள்ள ஒரு பாகம். அவருடைய பெட்டியிலிருந்து விழுந்ததாக இருக்கும் என்று கேரன் பையில் போட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகுதான் சமையலறைக் குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். நாள்காட்டித் தாளின் பின்பக்கம், அப்பாவின் கையெழுத்து. மூன்று வரி.

குசினி பல்பு.

மகேன் டயர்.

மகேன் வீடு.

முதல் இரண்டு வரிகள்மீது கோடு இழுத்திருந்தது. 'மகேன் டயர்' மீது விழுந்த கோட்டில் பேனா தாளைக் கிழித்திருந்தது. அவ்வளவு கோபம். கடைசி வரியில் கோடு இல்லை. அன்று காலை அவர் எங்கே கிளம்பினார் என்பது அவளுக்கு விளங்கியது. டயருக்காகச் சண்டை போடக் கிளம்பியிருக்கிறார். அந்த ஆள்தான் அப்பாவின் நெஞ்சை நிறுத்தியது.

பதினாறாம் நாள் மகேந்திரனே போன் செய்தார். துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கினார்.

"அந்தப் பெட்டிய ஒரு தடவ பாக்கலாமாம்மா?"

டயர் போதவில்லை போல.

"சனிக்கிழம கொண்டு வாரேன் அங்கிள்" என்றாள் கேரன். "உங்க பெட்டியையும் கொண்டாங்க."

கோப்பிக்கடையில் இரண்டு பேர்தான். தபால் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற மகேந்திரன். லிஃப்ட் பழுது பார்க்கும் யுகேந்திரன், நாற்பது வயது. அவள் வரும்போது இருவரும் புதுப் பெட்டியின்மேல் குனிந்திருந்தார்கள்.

"அடியில பாருங்க அண்ணே" என்றான் யுகேந்திரன். "பழைய வருஷம்தான் போட்டிருக்கு. அப்ப இது பழைய ஸ்டாக்கு."

"அட்டையில மை வாசன இன்னும் போகல. பழைய ஸ்டாக்காம்."

"பின்ன வருஷம்?"

"வருஷம் அச்சுல வெட்டினது" என்றபடி கேரன் உட்கார்ந்தாள். "எப்ப ஊத்தினாலும் அதேதான் விழும்."

"என் ஐசி அட்டைப் படம் மாதிரி லா. ஆளு மாறிட்டான், படம் மாறல."

மகேந்திரன் சிரிக்கவில்லை. அவர் கண் கேரனின் பெட்டிமேல் இருந்தது. அவள் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, சுத்தமான விரல்கள். சுண்டுவிரலில் மோதிரம்.

"உங்க பின்டயர குடுங்க அங்கிள்."

கொடுத்தார். அளந்தாள். முப்பத்தொன்று புள்ளி எட்டு. மறுபடி அளந்தாள், அதேதான். அப்பாவின் அடிப்பலகையை எடுத்துப் பள்ளத்தில் அந்த டயரை வைத்தாள். உட்காரவில்லை. விளிம்பில் ஏறி நின்றது. அதை எடுத்துவிட்டு, அப்பாவின் பெட்டியில் இருந்த டயரை வைத்தாள். மூடி போலப் பொருந்தியது.

ஐம்பது வருடம் அதே பள்ளத்தில் கிடந்த டயர்தான் இது. யாரும் எதையும் மாற்றவில்லை. இதை அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டார். அப்ப சரி என்றாரே.

"நீங்க டயர மாத்திட்டீங்கன்னு அப்பா சொன்னாரு."

"தெரியும்மா. எனக்கும் போன் போட்டு நல்லாக் குடுத்தாரு" என்றார் மகேந்திரன். "பொறவு ஒரு வெள்ளிக்கிழம மறுபடி போன். நாளைக்கு வீட்டுக்கு வாரேன்னாரு. எதுக்குன்னு சொல்லல. நான் பயந்துபோய் கேட்டுக்கு ரெண்டு பூட்டு போட்டேன்."

"காலைல பூரா சன்னல்லயே நின்னாராம்" என்றான் யுகேந்திரன்.

"நின்னேன். வரல. பத்து மணிக்கு இவன்தான் போன் போட்டுச் சொன்னான்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பெட்டியப் பாக்கணும்னீங்க?"

மகேந்திரன் கோப்பியைக் கலக்கினார். கலக்க அதில் சீனியே இல்லை.

"எனக்கு ஒரு சாமான் கொறையுது. இஞ்சின் மேல வர்ற காத்துக் குழா. எட்டு இருக்கணும், ஏழுதான் இருக்கு. அன்னிக்கு மேசையில எல்லாம் ஒண்ணாக் கெடந்துச்சா... அவருதான் எடுத்துட்டாருன்னு..." நிறுத்தினார். "செத்தவரச் சொல்லக்கூடாது."

கேரன் பையைத் திறந்து தீப்பெட்டியை மேசையில் வைத்தாள். பஞ்சைப் பிரித்தாள். அப்பாவின் பெட்டியில் எட்டுக் குழாய்களும் அப்படியே இருந்தன, எல்லாம் மங்கி மஞ்சளாகி. பஞ்சில் இருந்தது பளபளவென்று மின்னியது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"டயரத் தேடப் போயி இது கெடச்சிருக்கு அவருக்கு" என்றான் யுகேந்திரன் மெதுவாக.

சமையலறையில் புதுப் பல்பு எரிந்துகொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. கோடு இழுத்த முதல் வரி. பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் வேலைத்தாள் எழுதியவர். முடிந்த வேலையைத்தான் கோடு போட்டு அடிப்பார். டயர் வேலை முடிந்திருந்தது. மூன்றாவது வேலைக்குத்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டிருக்கிறார்.

"வந்து என்ன சொல்லியிருப்பாரு?" என்றார் மகேந்திரன்.

"அவரா? ஒண்ணும் சொல்லமாட்டாரு லா. கேட்டுல வச்சிட்டு, ஹார்ன் அடிச்சிட்டுப் போயிருப்பாரு" என்றான் யுகேந்திரன்.

மகேந்திரன் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாகியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீப்பெட்டிக்குக் கை நீட்டினார்.

கேரன் அதை மூடினாள்.

"அப்பா தாள்ல 'மகேன் வீடு'ன்னுதான் எழுதியிருக்காரு அங்கிள்" என்றாள். "வீடு எந்தப் பக்கம்?"