பெயின்ற்றில் தண்ணீர் கலந்தது யார்?

என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் வீட்டு முன்சுவருக்குப் பெயின்ற் அடிக்க வந்த யேசுதாசன், புத்தம்புதிய தகர ரின்னைத் திறந்த கையோடு அதற்குள் தண்ணீரை ஊற்றினார். அதுவும் தன் வீட்டிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த பிளாஸ்டிக் கலனிலிருந்து!

“என்ன தம்பி, பாலுக்குத்தான் தண்ணி கலக்கிறவை எண்டு பார்த்தால்...?”

“இது கொஞ்சம் இளக்கித்தான் அடிக்க வேணும் அக்கா. ரின்னிலையும் எழுதிக் கிடக்கு.”

பள்ளிக்கூட ரீச்சர் நான்; எழுதிக் கிடந்தால் வாசிக்காமல் விடுவேனா? கண்ணாடியை மாட்டினேன். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இருந்தது — உண்மைதான். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், ‘மெதைல் மெத்தாக்ரிலேட்’ என்று ஒன்று. பெயரே சரியில்லையே! அக்காவின் மகள் சுகந்தி தெல்லிப்பழையில் இரசாயனவியல் படிப்பிக்கிறாள். உடனே போன் போட்டேன்.

“பயப்பிடாதேங்கோ சித்தி. அது ஒரு மொனோமர், சங்கிலியின்ரை ஒரு கண்ணி மாதிரி. தனிய இருந்தால் நெடி மூக்கைத் துளைக்கும். பெயின்ற்றுக்காண்டி அதின்ரை மூலக்கூறுகளை ஒண்டோடை ஒண்டு கொழுவிச் சங்கிலி ஆக்கிப்போடுவினம். நிறத்தூளைச் சுவரோடை பிடிச்சு வைக்கிற பசை அதுதான். வெயிலுக்கு மஞ்சளாகாது, நல்ல இறுக்கம். தனிய இறுக்கமாய் இருந்தால் வெடிக்கும் எண்டு, வளைஞ்சு குடுக்கிற இன்னொண்டையும் சேர்ப்பினம்.”

“தண்ணி?”

“அளவாய் விடலாம். கூடினால் பசை ஐதாகிப் பிடிக்காது.”

அவ்வளவு விளக்கத்திலும் என் காதில் ஏறியது அந்தக் கடைசி வசனம் மட்டும்தான்.

மறுநாளிலிருந்து ரின்கள் என் அறைக்குள். தண்ணீர் அளப்பதும் நானே. யேசுதாசனுடைய கலனைத் திருப்பி அனுப்பினேன். அதற்குள் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் கொடுத்தேன்.

“அக்கா, குருநகர்க் கிணறெல்லாம் உவர். பெயின்ற்றுக்குக் கூடாது. அதுதான் நான் நல்ல தண்ணி கொண்டு வந்தனான்.”

“குடிக்கவோ போறம்? சுவருக்குத்தானே!”

தூரிகையை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போய்விட்டார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். நீங்களாயிருந்தால்?

அத்தோடு விட்டேனா... திருவிழாவுக்கு முன் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்துக்குப் பெயின்ற் அடிக்கவும் யேசுதாசனைத்தான் பேசியிருந்தார்கள். அதை நம்பி அவர் வேறு வேலைகளை விட்டிருந்தார். பங்குச் சபையில் நானும் ஓர் ஆள். “கவனம், தண்ணி கலக்கிற ஆள்” என்றேன். அன்றைக்கே வேறு ஆளைப் பேசிவிட்டார்கள்.

பத்து நாளில் என் சுவர் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. விரலால் தொட்டால் செதில் செதிலாய் வந்தது. மிச்சப் பெயின்ற் திரைந்த பால் மாதிரிக் கட்டிபட்டுக் கிடந்தது. பார்க்க வந்த சுகந்தி தலையில் கைவைத்தாள்.

“சித்தி, உப்புத் தண்ணியோ விட்டனீங்கள்? அந்தப் பசை தண்ணிக்குள்ளை துணிக்கை துணிக்கையாய் மிதக்கிறது. உப்புப் பட்டால் திரைஞ்சுபோம். பிறகு உப்பு சுவரிலை பூக்கும்.”

வெட்கமாகப் போய்விட்டது. யேசுதாசன் வீட்டுக்கு ஓடினேன்.

“அண்டைக்கு இன்னும் வடிவாய்ச் சொல்லியிருக்கக் கூடாதோ தம்பி?”

“சொன்னனான் அக்கா. நீங்கள் நம்பேல்லை. இப்ப மண்டப வேலையும் கையைவிட்டுப் போட்டுது. என்ரை மனிசியே கேக்கிறா, ‘உண்மையாய் என்ன செய்தனீங்கள்?’ எண்டு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். பிழை முழுக்க என்னுடையது, வேலை இன்னும் தொடங்கவில்லைதானே, அதை அவருக்கே கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

சபைத் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன ரீச்சர், திடீரெண்டு மாத்திக் கதைக்கிறியள்? அந்தாள் உங்களுக்கு ஏதும் சொந்தமோ? எதுக்கும் வடிவாய் விசாரிச்சுத்தான் முடிவெடுக்க வேணும்.”

விசாரிக்கட்டும். நான் குறை சொன்ன அன்றைக்கு மட்டும் ஒருவருக்கும் எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை!