லாரி சிவப்பு

என் பாடக்குறிப்பேட்டுக்குள் மூன்று வாரமாக ஒரு பெயிண்ட் சில்லு இருந்தது. விரல் நகம் அளவுதான். ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கிற சிவப்பு, திருப்பினால் கரும்பச்சை. அக்காவின் கார் முன்மூடியிலிருந்து பள்ளிக்கூட வாசலில் உதிர்ந்து விழுந்ததை நான்தான் பொறுக்கி வைத்துக்கொண்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை. அந்தச் சிவப்பு நான் செய்த தப்பு. தப்பைப் பத்திரப்படுத்தி வைக்கிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அப்படித்தான்.

அக்கா என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் படரும். எங்கள் விஷயத்தில் அந்த இரக்கம் அக்காவுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்துத் தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்க வைத்து, வேலையில் உட்கார வைத்து, எனக்குக் கட்டி வைத்தார். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு அவர்தான் தூண். ஆனால் தூண் மாதிரி சும்மா நிற்கிற ஆள் இல்லை.

அவர் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகைக்கு ஆளாளுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பைபாஸ் பக்கம் ஒரு மனை பார்த்து வைத்தார். நைனார்பாளையத்துச் சொந்தக்காரர்கள் தங்கள் கொல்லையை ஒட்டி நிலம் வருகிறது என்றார்கள். அக்கா எல்லாருக்கும் காபி கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனவர், சாயங்காலம் தானே ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஒரு காலத்தில் அவர் கூட வேலை பார்த்த டாக்டருடையதாம். வெளிநாட்டில் செய்தது. தாழ்வாக, நீளமாக, கரும்பச்சை நிறத்தில் இருந்தது. இரண்டே சீட்டு. கூரை கான்வாஸ் துணி. மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரிடம் அக்கா எப்போதோ வண்டி ஓட்டப் பழகியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

தெருவே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இன்னாக்கா இது? மூணாவது ஆளு எங்க உக்காருவான்?" என்று கேட்டார்.

"மூணாவது ஆளு வூட்ல இருக்கட்டும்" என்றார் அக்கா.

அன்று இரவு சாப்பாட்டின்போது விளக்கம் சொன்னார். "புது கார் வாங்கினா கடை வாசல தாண்டும்போதே வெல கம்மியாயிடும். இது பழசு. எவ்ளோ எறங்கணுமோ அவ்ளோ எறங்கி முடிச்சிட்ச்சி. இந்த மாதிரி வண்டிங்க இனிமே ஏறுமே தவிர எறங்காது, டாக்டரு சொன்னாரு. எனக்கு இன்னா புள்ளையா குட்டியா? இதான் என் வயசு காலத்துக்கு." கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் என் வீட்டுக்காரர் அதற்கு மேல் மனையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் காருக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே! வீட்டுக்குப் பக்கத்தில் சிமென்ட் ஷீட் போட்டு அதற்கென்று கொட்டகை. பழைய போர்வைகளைத் தைத்து உறை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கோவில் வரைக்கும் போய் வரும். அதுவும் அக்கா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார், ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும் ஷேர் ஆட்டோதான். வண்டியை மந்திரிக்க வந்த ஃபாதர் தீர்த்தம் தெளிக்கத் தெளிக்க, அக்கா பின்னாலேயே போய் ஒவ்வொரு சொட்டையும் துணியால் ஒற்றி எடுத்தார். ஃபாதர் கடைசியில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே தெளிச்சிக்கோங்கம்மா" என்று சிரித்துவிட்டார். எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை. கார் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஏன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு பள்ளி. எத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை! ஆனால் என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளை விட்டுவிட்டு மலையில் தங்க முடியாது. தினமும் போய் வரலாம் என்றால் காலை பஸ் நேரமும் பள்ளி மணியும் ஒத்துவரவில்லை. மணி அடித்து இருபது நிமிஷம் கழித்து நான் மூச்சு வாங்க வகுப்புக்குள் நுழைவேன். மூன்று மாதம் தலைமையாசிரியர் பொறுத்தார். பிறகு, இனி நேரத்துக்கு வர முடியாவிட்டால் எழுத்தில்தான் பேச வேண்டியிருக்கும் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர், "வுட்டுடு, நம்பளுக்கு குடுத்து வெச்சது அவ்ளோதான்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, சீக்கிரம் தோற்றுப்போகிற மனுஷர்.

 அக்கா நாலைந்து நாள் போனில் யார் யாரிடமோ பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆள் காரைப் பார்க்க வரப்போகிறார் என்றார். "அத்த குடுத்துட்டு ஒரு சின்ன காரு வாங்கலாம். நான் உன்ன கொண்டுபோயி வுடறேன். மிச்சம் இருக்கறது பேங்க்ல கெடக்கட்டும்."  வயசு காலத்துக்கு என்று வைத்திருந்ததை எனக்காக விற்கத் துணிந்துவிட்டார். நான் பதிலுக்கு என்ன செய்வேன், என்ன செய்வேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த நல்ல எண்ணம்தான் என்னைக் கவிழ்த்தது.

செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு அக்கா வேளாங்கண்ணிக்குப் போனார். நாலு நாள். அந்த நாலு நாளில் நான் கொட்டகையைத் திறந்து, உறையை எடுத்துப் பார்த்தேன். மங்கிப்போன பச்சை. அங்கங்கே மயிரிழை போல வெடிப்பு. மூக்குப் பகுதியில் பூச்சு தேய்ந்து தகரம் தெரிந்தது. இதைப் பார்த்தால் கோயம்புத்தூர்க்காரர் என்ன விலை கேட்பார்? எங்கள் பக்கத்தில் விற்கப் போகிற மாட்டையே குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் தீட்டித்தான் சந்தைக்கு ஓட்டுவார்கள். வீட்டை விற்கும் முன் வெள்ளையடிப்பார்கள். நான் லாரிப் பட்டறையிலிருந்து பெயிண்டரைக் கூட்டிவந்தேன்.

அவர் தொழில் சுத்தமான மனிதர். "லாரிக்கு அடிக்கிற செவப்புங்க, பத்து வருசம் பேசும்" என்றார். பேசட்டும் என்றேன். பழைய பெயிண்டை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேய்த்துவிட்டு மூன்று கோட் அடித்தார். முன்னால் ஒரு மங்கிய சின்னம் ஒட்டியிருந்தது. "இது அசிங்கமா இருக்குது" என்று பெயர்த்து எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் பட்டி போட்டு மூடினார். வெள்ளி மாதிரி மின்ன வேண்டிய விளிம்புகளுக்கும் சேர்த்துச் சிவப்பு. பின்பக்கம் "மாதா துணை" என்று வெள்ளை எழுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரோஜாப்பூ. ரோஜாவுக்குக் காசு வேண்டாம், அக்கா அவர் பிள்ளைக்கு ஊசி போட்டவராம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்கா மாதா எண்ணெய் பாட்டிலும் பொரி மூட்டையுமாக ஆட்டோவை விட்டு இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். மூட்டையைத் தரையில் வைத்தார். காரை மெதுவாகச் சுற்றி வந்து, சின்னம் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"யாரு?"

"நான்தாங்கக்கா" என்று பல்லைக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பல்லை யாராவது உடைத்திருக்கலாம் என்று இருக்கிறது. அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, முதல்ல அடிச்ச பெயிண்ட் அப்படியே இருக்குன்னுதானே சொன்னீங்க? அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கை படாத வண்டிக்குத்தான் அந்த விலை" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, காபியைக் குடித்து, பொரியும் வாங்கிக்கொண்டு போனார். அக்கா அவரை வாசல் வரை வழியனுப்பினார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் நின்று, சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என் வேலை போகப்போகிறதே என்று அழுகிறேன் என வீட்டுக்காரர் நினைத்தார். ராஜினாமாக் கடிதத்தை அவரே உட்கார்ந்து எழுதினார், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா. கூரை திறந்தே கிடக்க, கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"ஏறு."

"எங்கக்கா?"

"பள்ளிக்கூடத்துக்கு. வேற எங்க, சந்தைக்கா?"

"மழ வர்ற மாதிரி இருக்குதுங்கக்கா."

"வரட்டுமே. இனிமே இதுக்கு இன்னா வந்தா இன்னா? வெலைக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சேன், அந்தக் கவல உன் புண்ணியத்துல தீந்துட்ச்சி. ஏறும்மா, மணி ஆவுது."

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையை இழுத்தால் வரவில்லை. இத்தனை மாதமாக அவசரத்துக்கு ஒருநாளும் மூடாததால் கீல் இறுகிப்போயிருந்தது. குடையை விரித்து இருவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தேன். எதிரே வந்த பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். அந்த மழைக்குள்தான் என்னால் சொல்ல முடிந்தது. "அக்கா, உங்க வயசு காலத்துக்கு வெச்சிருந்தத நான் நாசம் பண்ணிட்டேன்."

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வயசு காலம் வரும்போது பாத்துக்கலாம். இப்ப கொடய நேரா புடி, எனக்கு வழி தெரியல."

மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பள்ளி வாசலில் இறங்கினேன், புடவையைப் பிழிந்துகொண்டு. ராஜினாமாக் கடிதம் கைப்பையில் ஊறிக் கூழாகியிருந்தது.

அன்று முதல் இரண்டு வருஷத்துக்கு மேல், பள்ளி நாள் தவறாமல் அக்கா என்னைக் கொண்டுபோய் விட்டார். மகளைப் பால்வாடியில் விட்டு அழைத்துவருவது வீட்டுக்காரர் பொறுப்பு. சாயங்காலம் வரைக்கும் பள்ளிக்கு எதிரே பலா மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் ஜெபமாலை உருட்டினார். இரண்டாவது வாரம் ஒரு பெண் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு சாமை அறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டவர்கள், பிரஷர் மாத்திரையை எப்போது போடுவது என்று தெரியாதவர்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று கேட்பவர்கள் என்று மரத்தடி நிறைந்துவிட்டது. இரண்டு பெண்களைப் பிரசவத்துக்கு அந்தக் காரிலேயே கீழே இறக்கியிருக்கிறார். சிவப்பு வண்டி நர்ஸம்மா என்றால் இன்றைக்கும் மலையில் தெரியும். நானும் வண்டி ஓட்டப் பழகினேன். என் சம்பளத்தில் என் மகள் கல்லூரி வரை வந்துவிட்டாள். நான் டீச்சர் என்று கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு நாளும் அந்த மனுஷி எனக்குப் போட்ட பிச்சை. இதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும்.

இப்போது அக்காவுக்கு முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. நான் ஓட்டுகிறேன், அவர் இடது சீட்டில். போன மாதம் கரியாலூர் டீக்கடையில் நின்றபோது, அருவி பார்க்க வந்த ஒரு பெரியவர் காரையே சுற்றிச் சுற்றி வந்தார். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். சிவப்பை மெதுவாக எடுத்துவிட்டால் அடியில் பழைய பச்சை பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், செய்து கொடுத்தால் தானே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி நம்பரும் கொடுத்தார்.  இத்தனை வருஷம் கழித்து, நான் கெடுத்ததை நானே சரிசெய்து அவர் கையில் திருப்பிக் கொடுக்க ஒரு வழி! அக்காவுக்குத்தான் வயசு காலம் வந்தேவிட்டதே. மலை இறங்கும் வரை அதையே பேசிக்கொண்டு வந்தேன். அக்கா காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கேட்டார்.

போன சனிக்கிழமை பள்ளி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கொட்டகையில் அந்தப் பழைய லாரிப் பெயிண்டர் நிற்கிறார். தலை நரைத்துவிட்டது. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, பச்சைய வெளிய எடுக்கறதுக்கு வேற ஆளுன்னு சொன்னாரே அந்தப் பெரியவரு?"

"பச்சைய யாரு எடுக்கச் சொன்னது? உதுந்த எடத்துக்கு அடிக்க கூப்ட்டேன்."

"உங்க வயசு காலத்துக்குன்னுதானேக்கா..."

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்றார், மணி கேட்டவருக்கு மணி சொல்வது போல. பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பி, "ரோஜாப்பூ மங்கிப்போச்சி பாரு, அத்தயும் போட்டுடு" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெயிண்டர், இப்போது சிவப்பிலேயே ஏகப்பட்ட சிவப்பு வந்துவிட்டது, அன்றைக்கு அடித்தது எது என்று தெரிந்தால் கலந்துவிடலாம், மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையிலிருந்து பாடக்குறிப்பேட்டை எடுத்துத் திறந்தேன். சில்லை எடுத்து, சிவப்புப் பக்கம் மேலே தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.